சின்வால்ட் மலையின் வெள்ளீயமும் லித்தியமும்: எது தாது, எது கழிவு?

#1 பாறைமேடு

ஐரோப்பாவின் லித்தியத் தேவை பற்றிய செய்திகளில் செக் நாட்டின் சினோவெட்ஸ் என்ற ஊர்ப்பெயர் சில ஆண்டுகளாக அடிக்கடி அடிபடுகிறது. அண்மையில் யாரோ தற்செயலாகக் கண்டெடுத்த புதையலைப் போலவே பல செய்தியாளர்கள் அதை எழுதுகிறார்கள். அந்த மலையில் சுரங்கத்தொழில் ஐந்நூறு ஆண்டுகளுக்கும் மேல் பழையது. லித்தியம் கொண்ட மைக்காவை அங்கே தோண்டி விற்கத் தொடங்கியதே 130 ஆண்டுகளுக்கு முந்தைய கதை.

இடத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பிராக் நகரிலிருந்து வடமேற்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில், செக் நாட்டையும் ஜெர்மனியின் சாக்ஸனி மாநிலத்தையும் பிரிக்கும் மலைத்தொடரின் கிழக்குப் பகுதியில், எல்லைக்கோட்டின் மீதே அமைந்த ஊர் இது. செக் பக்கத்துக்குச் சினோவெட்ஸ் என்றும் ஜெர்மன் பக்கத்துக்குச் சின்வால்ட் என்றும் பெயர். மலைத்தொடரை ஜெர்மானியர் எர்ட்ஸ்கெபிர்கே என்கிறார்கள். இரண்டு ஊர்களுக்கும் அடியில் இருப்பது ஒரே கிரானைட் குவிமாடம். அதன் பெரும்பகுதி செக் மண்ணிலும் சிறுபகுதி ஜெர்மன் மண்ணிலும் கிடக்கிறது. எல்லை வகுத்த 1459ஆம் ஆண்டின் ஏகர் உடன்படிக்கைக்கு, நிலத்தடியில் என்ன இருக்கிறது என்பதைப் பற்றிய கவலை எதுவும் இருந்திருக்காது.

இந்த இழையில் நான் முன்வைக்க விரும்பும் கருத்து இதுதான்: அந்த மலையில் எது தாது, எது குப்பை என்ற வரையறை குறைந்தது மூன்று முறை மாறியிருக்கிறது. முதலில் வெள்ளீயம் மட்டுமே தாது. பிறகு, வெள்ளீயக்காரர்கள் எறிந்த கறுப்புக் கல் டங்ஸ்டன் தாதுவாயிற்று. அதன்பின், இருவரும் எறிந்த மைக்கா லித்தியத் தாதுவாயிற்று. ஆகவே இதன் வரலாற்றைப் படிக்காமல் இன்றைய திட்டத்தை எடைபோட முடியாது என்பது என் எண்ணம். விவரம் அறிந்தவர்கள் சேர்க்க வேண்டுகிறேன்.

#2 வடக்குவாசல்

ஓர் அடிப்படை ஐயம். வெள்ளீயம் கனமான உலோகம். லித்தியமோ உலோகங்களிலேயே மிக இலேசானது. இரண்டும் ஒரே பாறையில் எப்படிச் சேர்ந்தன? ஆஸ்திரேலியாவிலும் காங்கோவிலும் இதே இணை ஒன்றாகக் கிடைப்பதாகப் படித்திருக்கிறேன். தற்செயலாக இருக்க முடியாது.

#3 கரிவேதியன்

தற்செயல் இல்லை, வடக்குவாசல் அவர்களே. இங்கே அடர்த்தியைக் கணக்கில் கொள்ள வேண்டியதில்லை. அணுவின் பருமனும் மின்னேற்றமுமே முடிவு செய்கின்றன. கிரானைட் கற்குழம்பு நிலத்தடியில் மெல்லக் குளிரும்போது முதலில் படிகமாகும் ஃபெல்ஸ்பாரும் குவார்ட்ஸும் தமக்குப் பொருந்தும் தனிமங்களை மட்டும் எடுத்துக்கொள்கின்றன. லித்தியம், வெள்ளீயம், டங்ஸ்டன், ருபிடியம், நையோபியம் போன்றவை அந்தப் படிகக் கட்டமைப்பில் எளிதில் இடம் பெறுவதில்லை. எனவே அவை எஞ்சும் குழம்பிலேயே தங்கி, குழம்பு குறையக் குறையச் செறிவு கூடிக்கொண்டே போகின்றன. ஃப்ளோரின் மிகுதியாக இருந்தால் அந்தக் குழம்பு இன்னும் தாழ்ந்த வெப்பநிலை வரை உறையாமல், இளகிய நிலையிலேயே இருக்கும். செறிவூட்டலுக்குக் கூடுதல் காலம் கிடைக்கும். சின்வால்ட் கிரானைட் ஃப்ளோரின் மிகுந்த வகையைச் சேர்ந்தது.

இதன் காலம் கார்பானிஃபெரஸ் யுகத்தின் பிற்பகுதி, அதாவது 30 கோடி ஆண்டுகளுக்கும் முன். அப்போது அங்கே பெரும் எரிமலை வெடிப்புகள் நிகழ்ந்து, நிலம் உள்ளிறங்கி, ஆல்டன்பெர்க்–டெப்லிட்ஸே கால்டெரா என்று இன்று அழைக்கப்படும் பள்ளம் உருவாயிற்று. அந்த எரிமலையின் ரையோலைட் பாறைக்குள் பின்னர் கீழிருந்து ஊடுருவியதுதான் நாம் பேசும் கிரானைட். மேலே இறுகிய ரையோலைட் கூரை. கீழே குவிமாடமாக எழும்பிய கிரானைட். குளிர்ந்துகொண்டிருந்த கற்குழம்பிலிருந்து பிரிந்த சூடான, ஃப்ளோரின் நிறைந்த நீர்மம் அந்தக் குவிமாடத்தின் உச்சியில் தேங்கி, பாறையின் ஃபெல்ஸ்பாரை அரித்து, அதன் இடத்தில் குவார்ட்ஸையும் மைக்காவையும் புட்பராகக் கல்லையும் விட்டுச்சென்றது. இவ்வாறு மாறிய பாறைக்குத்தான் கிரைசன் என்று பெயர். அழுத்தம் மிகுந்து கூரை விரிசலிட்ட இடங்களில், குவிமாடத்தின் வளைவையே பின்பற்றி, கிடைமட்டத்துக்கு நெருக்கமாகச் சாய்ந்த குவார்ட்ஸ் நரம்புகள் உருவாயின.

இதில் சுரங்க வரலாற்றுக்கு முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. வெள்ளீயம் கேசிட்டரைட் என்ற தனிக் கனிமமாக, நரம்புகளிலும் கிரைசனின் சில பகுதிகளிலும் திரண்டு கிடக்கிறது. லித்தியமோ இரும்பும் லித்தியமும் கலந்த மைக்காவில் அமர்ந்து, கிரைசனெங்கும் கிரானைட்டின் மேற்பகுதியெங்கும் பரவிக் கிடக்கிறது. 1845இல் வில்ஹெல்ம் ஹைடிங்கர் இந்த மைக்காவுக்குச் சின்வால்டைட் என்று ஊரின் பெயரையே சூட்டினார். கனிமவியலாளர்கள் இன்று அதைத் தனி இனமாகக் கொள்ளாமல் ஒரு தொடரின் பெயராகவே கருதுகிறார்கள்; தொழிலில் பழைய பெயர்தான் வழங்குகிறது. வெள்ளீயத்தைத் தேடுபவர் ஒல்லியான நரம்பைத் துரத்த வேண்டும். லித்தியத்தைத் தேடுபவர் மலையின் பெரும்பருமனையே அள்ள வேண்டும்.

#4 ஏட்டுச்சுவடி

கரிவேதியன் அவர்களின் கடைசி வாக்கியம் வரலாற்றிலும் அப்படியே தெரிகிறது.

இம்மலைத்தொடரின் தென்சரிவில் உள்ள க்ருப்காவில் வெள்ளீயம் 13ஆம் நூற்றாண்டிலேயே எடுக்கப்பட்டது. தொடக்கத்தில் ஓடைப் படிவுகளைக் கழுவியே தாதுவைப் பிரித்தார்கள். கேசிட்டரைட் மணலைவிட இரண்டரை மடங்குக்கும் மேல் கனமானது என்பதால் ஓடும் நீரே பாதி வேலையைச் செய்துவிடும். ஓடைகளைப் பின்தொடர்ந்து மேலேறியவர்கள் மூலப்பாறையை அடைந்தார்கள். பக்கத்து ஆல்டன்பெர்க்கில் 1440 வாக்கில் வெள்ளீயம் கண்டறியப்பட்டது. சின்வால்டும் அதே நூற்றாண்டில்தான் எழுந்தது.

ஆல்டன்பெர்க்கைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இரண்டு சுரங்கங்களுக்கும் வேறுபட்ட பாறை அமைப்பு வேறுபட்ட விதியைத் தந்தது. அங்கே வெள்ளீயம் நெருக்கமான மெல்லிய விரிசல்களாகப் பாறை முழுதும் பின்னிக் கிடந்தது. வெடிமருந்து சுரங்கத்துக்குள் வராத அக்காலத்தில், பாறையின் முன் விறகை அடுக்கித் தீமூட்டி, சூட்டில் வெடித்துத் தளர்ந்த கல்லைப் பெயர்த்தெடுப்பார்கள். பல குழுக்கள் தம்முள் திட்டம் எதுவும் இன்றி இப்படிக் குடைந்துகொண்டே போனதில் நிலத்தடியில் பெரும் வெற்றிடங்கள் உண்டாயின. சிறு சரிவுகள் முன்னரே தொடங்கியிருந்தன. 1620 ஜனவரி 24 அன்று மொத்தமும் இடிந்து விழுந்தது. அந்தப் பெரும்பள்ளம் இன்றும் ஊருக்கு அருகில் ஏறத்தாழ 400 மீட்டர் அகலத்தில் வாய்பிளந்து கிடக்கிறது. விந்தை என்னவென்றால், அதன் பின்னர் ஆல்டன்பெர்க்கில் தாதுவைப் பெரும்பாலும் அந்த இடிபாட்டின் அடியிலிருந்தே எடுத்தார்கள். பாறையை உடைக்கும் வேலையை விபத்தே முடித்துக் கொடுத்திருந்தது. சின்வால்டில் நரம்புகள் படுத்த நிலையில் இருந்ததால் தாழ்ந்த, அகன்ற அறைகளாகக் குடைந்து, இடையிடையே தூண்களை விட்டுச் சென்றார்கள். அந்த அறைகள் பல இன்றும் நிற்கின்றன.

அதே 1620ஆம் ஆண்டின் இறுதியில் வெண்மலைப் போரில் பொஹீமியாவின் புராட்டஸ்டண்டுகள் தோற்றார்கள். அடுத்த பல பத்தாண்டுகளில் மதம் மாற மறுத்த சுரங்கக் குடும்பங்கள் எல்லையைத் தாண்டிச் சாக்ஸனியில் குடியேறின. 1671இல் சின்வால்டை ஒட்டி எழுந்த ஜார்ஜென்ஃபெல்ட் அப்படி வந்தவர்கள் அமைத்த ஊர்.

#5 உலைக்களம்

டங்ஸ்டன் பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லை. எனக்கு அதுதான் இந்த மலையின் மிகச் சுவையான பகுதி.

டங்ஸ்டன் தாதுவான வொல்ஃப்ரமைட் கறுப்பானது, கேசிட்டரைட்டைப் போலவே கனமானது. எனவே நீரில் கழுவிப் பிரிக்கும்போது இரண்டும் சேர்ந்தே அடியில் தங்கும். உலையில் அது வெள்ளீயத்தைக் கசடோடு இழுத்துக்கொண்டு போய் விளைச்சலைக் குறைத்தது. ஆகவே கையால் பொறுக்கி எறிவதே வழக்கம். 1783இல் ஸ்பெயினின் வெர்காரா நகரில் எல்ஹுயார் சகோதரர்கள் வொல்ஃப்ரமைட்டிலிருந்து முதன்முதலாக டங்ஸ்டனைப் பிரித்தபோது அவர்கள் கையிலிருந்த கல் சின்வால்ட் சுரங்கத்திலிருந்து வந்ததுதான். அதாவது, ஒரு தனிமத்தின் கண்டுபிடிப்புக்கு மூலப்பொருளாக இருந்தது அந்த ஊரின் குப்பை. அதன் பின்னும் ஏறத்தாழ நூறு ஆண்டுகள் அதை எறிந்துகொண்டுதான் இருந்தார்கள். 1868இல் ராபர்ட் முஷெட் டங்ஸ்டன் கலந்த கருவி எஃகைச் செய்துகாட்டிய பின்பே எஃகாலைகள் இந்தக் கல்லைத் தேடத் தொடங்கின; 1900 பாரிஸ் கண்காட்சியில் அதிவேக எஃகு அரங்கேறியதும் அந்தத் தேவை பெருகியது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து சின்வால்டில் பழைய கழிவுக்குவியல்களைக் கிளறி வொல்ஃப்ரமைட்டைப் பொறுக்கினார்கள். வெள்ளீயம் நலிந்த காலத்தில் ஊரைத் தாங்கியது அதுதான். முதல் உலகப்போரில் அது போர்த்தளவாடப் பொருளும் ஆயிற்று.

#6 கரிவேதியன்

லித்தியத்துக்கும் அதே கதைதான். 1817இல் ஸ்டாக்ஹோமில் ஆர்ஃப்வெட்சன் பெட்டலைட் கல்லில் லித்தியத்தைக் கண்டறிந்தார். சின்வால்டில் மைக்கா 1890 முதல் லித்தியத்துக்காகவே விற்கப்பட்டது. அன்று அதன் தேவை மிகச் சிறியது: கீல்வாதத்துக்கு மருந்தென்று நம்பப்பட்ட லித்தியம் உப்புகளும் வேறு சில வேதிப்பொருள்களும் மட்டுமே.

உண்மையான தொழில்துறைப் பயன்பாடு 1923இல் வந்தது. ஜெர்மனியின் மெட்டால்கெசெல்ஷாஃப்ட் நிறுவனம் லாங்கெல்ஸ்ஹைமில் லித்தியத்தை வணிக அளவில் தயாரிக்கத் தொடங்கியது. அதற்கான தாது இந்தச் சின்வால்டைட். அந்த லித்தியத்தின் முக்கியமான பயன்களில் ஒன்று இரயில் பெட்டிகளின் அச்சுத் தாங்கிகள். ஈயத்தில் கால்சியம், சோடியம் ஆகியவற்றோடு ஏறத்தாழ 0.04 விழுக்காடு லித்தியம் சேர்த்தால் அது போதிய கடினம் பெறும். அதுவரை அந்தத் தாங்கிகளுக்கு வெள்ளீயக் கலவையைப் பயன்படுத்தினார்கள். போர்க்கால முற்றுகையில் ஜெர்மனிக்கு வெள்ளீயம் கிடைக்காமல் போனதால் மாற்றைத் தேடினார்கள். வெள்ளீயச் சுரங்கத்தின் கழிவு மைக்கா, வெள்ளீயத்துக்கே மாற்றாக வந்து அமர்ந்தது.

#7 தராசு

இழையை ஆர்வத்தோடு படிக்கிறேன். ஆனால் பாறைமேடு அவர்களின் அடிப்படைக் கருத்தில் ஒரு மிகைப்பாடு இருப்பதாகத் தோன்றுகிறது. தாது என்பது காலத்தின் முடிவு மட்டுமே என்று சொன்னால் பாறையின் தரம் பொருட்டில்லை என்றாகிவிடும். சினோவெட்ஸின் சிறந்த நரம்புகள் பெரும்பாலும் எடுக்கப்பட்டுவிட்டன. எஞ்சியிருப்பது தாழ்தரப் பாறை. 2021இல் வெளியான மதிப்பீட்டின்படி ஏறத்தாழ 70.8 கோடி டன் பாறையில் லித்தியம் ஆக்சைடு 0.43 விழுக்காடு, வெள்ளீயம் 0.05 விழுக்காடு மட்டுமே. ஆஸ்திரேலியாவின் க்ரீன்புஷஸில் இரண்டு விழுக்காட்டை ஒட்டிய லித்தியம் ஆக்சைடு கிடைக்கிறது. ஐந்தில் ஒரு பங்குத் தரமுள்ள பாறையை, அதுவும் நிலத்தடியில் குடைந்தெடுத்து, யாரோடு போட்டியிடப் போகிறார்கள்?

#8 பாறைமேடு

தரம் பொருட்டில்லை என்று நான் சொல்லவில்லை, தராசு அவர்களே. தரம் எந்தத் தனிமத்துக்காக அளக்கப்படுகிறது என்பதே மாறிக்கொண்டிருக்கிறது என்கிறேன். இந்தச் சுரங்கம் மூடப்பட்ட விதத்தைப் பாருங்கள்.

ஜெர்மன் பக்கம் 1945இல் போரின் முடிவோடு நின்றது. செக் பக்கத்தில், ஜெர்மன் மொழி பேசிய சுரங்கக் குடிகள் பெரும்பாலும் வெளியேற்றப்பட்ட பின், செக்கோஸ்லோவாக்கிய அரசு தொழிலைத் தொடர்ந்தது. 1960களின் தொடக்கத்தில் குவிமாடத்தின் நடுவே ஏறத்தாழ 1,600 மீட்டர் ஆழத்துக்கு ஒரு துளையிட்டு, கிரானைட்டின் அடுக்கமைப்பை மேலிருந்து கீழாக வெட்டுமுகமாகப் பார்த்தார்கள். அக்காலத்துக்கு அது அரிய முயற்சி. ஊருக்குத் தெற்கே, மேற்பரப்பில் தெரியாத கிரைசன் உடல்களும் துளையிடலில் அகப்பட்டன. அந்தத் தென்பகுதியில் 1980 முதல் 1990 வரை வெள்ளீயமும் டங்ஸ்டனும் எடுத்தார்கள்.

பிறகு ஏன் மூடினார்கள்? 1985 அக்டோபரில் பன்னாட்டு வெள்ளீயக் குழுமம் விலையைத் தாங்கிப்பிடிக்கப் பணமின்றி முறிந்ததும் உலகச் சந்தையில் வெள்ளீய விலை சரிந்தது. மலேசியாவிலும் இங்கிலாந்தின் கார்ன்வாலிலும் சுரங்கங்கள் அடுத்தடுத்து விழுந்தன. அரசு உடைமைப் பொருளாதாரம் செக்கோஸ்லோவாக்கியாவையும் கிழக்கு ஜெர்மனியையும் அந்த அலையிலிருந்து சில ஆண்டுகள் மறைத்து வைத்தது. அந்த மறைப்பு விலகியதும் சினோவெட்ஸ் 1990இலும், ஆல்டன்பெர்க் 1991 மார்ச்சிலும் நின்றன. சோனி நிறுவனம் லித்தியம் அயனி மின்கலத்தை முதன்முதலாக விற்பனைக்குக் கொண்டுவந்தது அதே 1991இல்தான்.

#9 வடக்குவாசல்

க்ரீன்புஷஸும் வெள்ளீயச் சுரங்கமாகத் தொடங்கியதுதானே? அங்கே லித்தியத்தை இத்தனை காலம் யாரும் தொடாததற்கு விலை மட்டுமா காரணம்?

#10 உலைக்களம்

விலையோடு தட்பவெப்பமும் காரணம். பெர்த் நகருக்குத் தெற்கே ஏறத்தாழ 250 கிலோமீட்டரில் உள்ள க்ரீன்புஷஸில் 1886இல் வெள்ளீயம் கண்டறியப்பட்டு, 1888இல் தோண்டல் தொடங்கியது. அங்கே இருப்பது கிரைசன் அல்ல. ஏறத்தாழ 253 கோடி ஆண்டுப் பழமையான பெக்மடைட், அதாவது பெரும்படிகங்கள் கொண்ட கிரானைட் வகைப் பாறை. மிக நீண்ட காலம் வெயிலிலும் மழையிலும் கிடந்ததால் அதன் மேற்பகுதி வெண்களிமண்ணாக மக்கிவிட்டது. ஸ்பாட்யுமீன் என்ற லித்தியக் கனிமம் அப்படி மக்கும்போது லித்தியம் நீரோடு கரைந்து போய்விடும். கேசிட்டரைட்டோ கரையாமல் களிமண்ணிலேயே தங்கும். ஆகவே அந்த மென்மையான மண்ணைக் கழுவி வெள்ளீயம் எடுத்தவர்களின் கண்ணில் லித்தியம் படுவதற்கே வழியில்லை. அடியில் கடினப்பாறையில் ஸ்பாட்யுமீன் இருப்பது 1949இல்தான் அடையாளம் காணப்பட்டது. லித்தியத் தாது எடுப்பது 1983இல் தொடங்கியது. அதுவும் மின்கலத்துக்கு அல்ல, கண்ணாடி, பீங்கான் தொழில்களுக்கு. இடையில் டான்டலமும் ஒரு காலம் ஆண்டது.

காங்கோவின் மனோனோவும் இதே வகைதான். பெல்ஜிய ஆட்சியில் 1919 முதல் மக்கிய பெக்மடைட்டில் வெள்ளீயம் எடுத்தார்கள். அடியிலுள்ள லித்தியத்தின் உரிமை இன்று பன்னாட்டு நடுவர் மன்றங்கள் வரை போன வழக்கு. அதற்குத் தனி இழை வேண்டும்.

தராசு அவர்கள் கேட்ட போட்டியைப் பற்றி ஒன்று. சின்வால்டைட்டில் இரும்பு இருக்கிறது. எனவே அரைத்த பாறையிலிருந்து அதைக் காந்தத்தாலேயே பிரித்துவிடலாம். ஸ்பாட்யுமீனுக்கு இந்த வசதி இல்லை. பின்னர் மைக்காவை சோடியம் சல்பேட்டோடும் சுண்ணாம்பு வகைகளோடும் வறுத்து, நீரில் கரைத்து, லித்தியம் கார்பனேட்டாகப் படியவைக்கலாம். ஸ்பாட்யுமீனை 1,000 டிகிரிக்கும் மேல் சூடேற்றி, அதன் படிக அமைப்பை மாற்றிய பிறகே கந்தக அமிலம் அதைத் தாக்கும். இந்த வசதிகள் தர வேறுபாட்டின் ஒரு பகுதியை ஈடுகட்டும். முழுதையும் ஈடுகட்டாது என்பதே என் கணிப்பு.

#11 ஏட்டுச்சுவடி

அரசியல் பக்கத்தையும் பதிவு செய்கிறேன். 2017 அக்டோபர் தேர்தலுக்கு மூன்று வாரங்கள் கூட இல்லாத நிலையில், செக் தொழில்துறை அமைச்சர் இத்திட்டத்தை நடத்திய ஆஸ்திரேலிய நிறுவனத்தோடு ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். நாட்டின் செல்வத்தை அந்நியருக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று ஆந்த்ரேய் பாபிஷின் கட்சி அதைத் தேர்தல் மேடைப்பொருளாக்கியது. அவர் ஆட்சிக்கு வந்த பின் 2018இல் அந்த ஒப்பந்தம் கைவிடப்பட்டது. 2020இல் அரசின் பெரும்பான்மைப் பங்குள்ள செஸ் மின் நிறுவனம் திட்டக் கம்பெனியில் 51 விழுக்காட்டை வாங்கியது. 2025 மார்ச்சில் ஐரோப்பிய ஆணையம் அறிவித்த 47 உத்திசார் மூலப்பொருள் திட்டங்களில் சினோவெட்ஸும் ஒன்று. ஜெர்மன் பக்கச் சிறுபகுதியை வேறொரு நிறுவனம் தனியாக ஆராய்கிறது. ஒரே பாறைக்கு இரண்டு நாட்டு உரிமங்கள், இரண்டு வகைச் சுற்றுச்சூழல் ஆய்வுகள். பழைய சுரங்க வழிகளோ எல்லைக்கடியில் ஒன்றோடொன்று இணைந்தே கிடக்கின்றன.

#12 நீர்வழி

இணைந்து கிடக்கும் வழிகள் என்றால் இணைந்து ஓடும் நீர் என்றுதான் பொருள். அந்த மலையின் பழைய சுரங்கங்களில் சேரும் நீரை வடிகால் சுரங்கங்கள் இன்றும் வெளியேற்றுகின்றன. புதிய தோண்டல் அந்த நீரோட்டத்தை எப்படி மாற்றும் என்பது ஊராரின் முதல் கேள்வியாக இருப்பதில் வியப்பில்லை. அடுத்தவை தூசி, லாரிப் போக்குவரத்து, ஆலை அமையும் இடம். அந்த மலைத்தொடரின் சுரங்க நிலப்பரப்பு 2019இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டது என்பதையும் மறக்கக் கூடாது. ஆல்டன்பெர்க் பள்ளத்தைச் சுற்றுலாப் பயணிகள் இன்று வியந்து பார்க்கிறார்கள். அது உண்டான நாளில் உள்ளே இருந்தவர்களுக்கு அது பாரம்பரியமாகத் தோன்றியிருக்காது.

#13 தராசு

ஆலை இடம் பற்றி: முதலில் டெப்லிட்ஸேவை ஒட்டிய பகுதியில் அமைப்பதாக இருந்தது; பிறகு மேற்கே ப்ருனேர்ஷோவில், நிலக்கரி அனல்மின் நிலைய வளாகத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். ஊரார் எதிர்ப்பும் அதில் ஒரு பங்கு வகித்திருக்கும் என்று ஊகிக்கிறேன். ஆலை தொலைவில் போனால் மக்களுக்கு அருகில் தூசி குறையும். ஆனால் தாதுவை நகர்த்தும் செலவு கூடும்.

வெள்ளீயத்தைப் பற்றி ஒரு கேள்வி எஞ்சுகிறது. 0.05 விழுக்காடு வெள்ளீயத்துக்காக யாரும் சுரங்கம் திறக்கமாட்டார்கள். அதைப் பிரித்தெடுப்பார்களா, அல்லது லித்தியத்துக்குப் பின்னால் அதுவும் கழிவோடு போகுமா?

#14 பாறைமேடு

தனியாகப் பார்த்தால் திறக்கமாட்டார்கள்தான். ஆனால் அதே 2021 மதிப்பீட்டில் மொத்த வெள்ளீயம் ஏறத்தாழ 3.35 லட்சம் டன். லித்தியத்துக்காக எப்படியும் பாறையை அரைக்கத்தான் போகிறார்கள். அரைத்த பின் காந்தம் மைக்காவை இழுத்துக்கொள்ள, எஞ்சிய தூளில் கனமான கேசிட்டரைட்டைப் புவியீர்ப்பு முறையில் பிரிப்பது கூடுதல் செலவு மட்டுமே. தோண்டும் செலவும் உடைக்கும் செலவும் லித்தியத்தின் கணக்கில் போய்விடும். நிறுவனத்தின் திட்டங்களில் வெள்ளீயமும் டங்ஸ்டனும் துணைவிளைபொருள்களாகவே குறிக்கப்பட்டிருக்கின்றன.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. கேசிட்டரைட் எளிதில் நொறுங்கும் கனிமம். மைக்காவை விடுவிப்பதற்காகப் பாறையை மிக நுண்ணிதாக அரைத்தால், கேசிட்டரைட் சேறுபோலப் பொடிந்து, நீரில் மிதந்து நழுவிவிடும். பெரும்பொடியாக விட்டால் மைக்கா முழுதும் விடுபடாது. ஆகவே அரைவையின் அளவை எந்த உலோகத்துக்கு ஏற்ப நிறுத்துவது என்பதில் ஒரு விட்டுக்கொடுத்தல் இருந்தே தீரும். இன்றைய விலையில் அது லித்தியத்தின் பக்கமே சாயும். அப்படி நழுவும் வெள்ளீயம், சுரங்க வெற்றிடங்களை நிரப்பும் அரைகழிவோடு கலந்து மறுபடியும் அந்த மலைக்குள்ளேயே போய்ச் சேரும்.